கார்டு போட்டால் போர்டு எரியுமா? லோ யாட்டில் ஒரு ஃபயர்வயர் கார்டு வாங்கிப் பொருத்திய கதை

எங்கள் வீட்டு அலமாரியில் 187 மினிடிவி (சின்ன டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகள் இருக்கின்றன. 2001 முதல் 2010 வரை நானும் அண்ணனும் கோலாலம்பூர் செந்தூலில் கல்யாண வீடியோ எடுக்கும் தொழில் செய்தோம். கோர்ட்டு மலைப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டியவர்கள், பத்துமலையில் காவடி எடுத்தவர்கள், மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் என்று எல்லாமே அந்த அலமாரியில்தான். போன வருஷம் திறந்து பார்த்தபோது நாலு கேசட்டில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. நம்ம ஊர் ஈரத்துக்கு இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. அதே வாரம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். 2006ல் அவள் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். அப்பா தவறிவிட்டார், கன்னிகாதானத்தில் அவர் பேசியது மட்டும் கிடைத்தால் போதும் என்றாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கேமரா இன்னும் ஓடுகிறது. பிரச்சினை கம்ப்யூட்டர்தான். மினிடிவி கேமராவிலிருந்து படம் தரம் குறையாமல் கம்ப்யூட்டருக்கு வர ஃபயர்வயர் இணைப்பு வேண்டும். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அது கிடையாது. யூஎஸ்பியில் சொருகும் மலிவான பெட்டிகள் சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஒயரில் வரும் படத்தைத் திரும்பப் பதிவு செய்வதால் தரம் ஒரு படி இறங்கிவிடும். சரியான வழி, கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் காலியாக இருக்கும் ஸ்லாட்டில் ஒரு ஃபயர்வயர் கார்டைப் போடுவது.

அதைச் சொன்னதும் வீட்டில் எல்லாரும் மறித்தார்கள். "அம்மா, அது 2018ல வாங்கின கம்ப்யூட்டர். உள்ள கையை வச்சா போர்டு போயிடும்" என்றான் மகன். ஈப்போவிலிருந்து அண்ணன், "கார்டா? வேண்டாம்மா, பட்டது போதாதா?" என்று கேட்டார். அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டுக் கடைக்கு வருகிறேன்.

2005ல் எடிட்டிங்குக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். அதில் ஃபயர்வயர் இல்லை. ஒரு கடையில் கொடுத்துத் தனிக் கார்டு போடச் சொன்னோம். அங்கே வேலை செய்தவர் கார்டைப் போட்டதோடு, பெட்டியின் முன்பக்க யூஎஸ்பி ஒயரையும் கழற்றி மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சாமி கும்பிட்டு ஆன் செய்தோம், ஓடியது. மறுநாள் சித்தி மகள் ஒரு பென் டிரைவை முன்பக்கம் சொருகினாள். பட்டென்று ஒரு சத்தம், பிறகு ரப்பர் கருகும் வாடை. பென் டிரைவ் விரல் சுடும் அளவுக்குச் சூடாகிவிட்டது. அதற்குப் பிறகு மதர்போர்டு எழவே இல்லை. இரண்டு கல்யாணம் பாதி எடிட்டிங்கில் இருந்தது. கேசட்டுகள் கையில் இருந்ததால் மறுபடி முதலிலிருந்து செய்து கொடுத்தோம். ஆனால் 'கார்டு போட்டால் கம்ப்யூட்டர் எரியும்' என்பது அண்ணன் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் எந்தப் பெட்டியையும் திறந்ததில்லை.

உண்மையில் எரித்தது கார்டு இல்லை. அந்த மாதிரி கார்டுகள் சிலவற்றில் முன்பக்க ஃபயர்வயர் ஒயருக்கென்று ஒன்பது ஊசி கொண்ட ஓர் இணைப்பு உண்டு. மதர்போர்டில் யூஎஸ்பிக்கு இருப்பதும் ஒன்பது ஊசிதான். இரண்டிலும் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, இரண்டிலும் ஒரே இடத்தில் ஓர் ஊசி குறைவு. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஆனால் யூஎஸ்பியில் எர்த்துக்கு உரிய ஊசி இருக்கும் இடத்தில் ஃபயர்வயரில் 12 வோல்ட் இருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி ஒயரைக் கார்டின் ஃபயர்வயர் ஊசிகளில் மாட்டிவிட்டார்கள். பழி மட்டும் கார்டின் தலையில் விழுந்தது. இதை எனக்குப் பொறுமையாக விளக்கியது இப்போது நான் சொல்லப்போகும் கடையில் உள்ள தம்பிதான். நடந்து எத்தனையோ வருஷம் கழித்து அப்போதுதான் எனக்கே விளங்கியது.

இன்னொரு பழைய பயமும் நம்மவர்களிடம் உண்டு. தொண்ணூறுகளில் மோடம் கார்டு வைத்திருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சாயங்காலம் இடி இடித்தால் தொலைபேசி ஒயர் வழியாக மின்னல் உள்ளே ஏறி, மோடம் கார்டையும் சில சமயம் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். இடி ஆரம்பித்ததும் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவது எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாகவே இருந்தது. அங்கேயும் கெடுத்தது கார்டு இல்லை, கார்டில் வந்து சேர்ந்த வெளி ஒயர். அந்தக் காலத்துக் கார்டுகளில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் தொல்லையும் இருந்தது. கார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிடப் பயன்படுத்தும் எண்ணால் வருவது, அந்த எண்ணை ஐஆர்க்யூ என்பார்கள். மொத்தம் பதினாறு எண்கள்தான். இரண்டு கார்டுகள் ஒரே எண்ணைக் கேட்டால் கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிடும். பார்ப்பவர்களுக்குக் கெட்டுப்போன மாதிரி தெரியும், ஆனால் கார்டைக் கழற்றினால் பழையபடி ஓடும். இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளில் அந்த வம்பு கிட்டத்தட்ட இல்லை.

சரி, கடைக்கு வருவோம்.

செந்தூலில் எல்ஆர்டி ஏறி ஹங் துவாவில் இறங்கி, அங்கிருந்து மோனோரயிலில் இம்பி வரை போய், மீதியை நடந்தேன். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குக் காரில் போவது வீண், வண்டி நிறுத்தவே பொறுமை வேண்டும். கீழ்த்தளத்தில் கைப்பேசிக் கடைக்காரர்கள் கூவிக் கூவி அழைப்பார்கள். அதைத் தாண்டி மேலே போக வேண்டும். நான் போனது மேல்மாடியில் நடைபாதை முடியும் மூலையில் உள்ள சின்னக் கடை. ஒரு சீனத் தவுக்கே (முதலாளி), வேலைக்கு நம்ம தம்பி ஒருவர். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். தவுக்கே வேண்டாம் என்றார். இரண்டு பேர்தான் வேலை செய்கிறோம், கூட்டம் வந்தால் தாங்காது என்றார். அவர் சொல்லை மதித்துப் பெயரை விடுகிறேன்.

நான் முதலில் நுழைந்த வேறு ஒரு கடையில், "ஃபயர்வயரா? அதெல்லாம் இப்ப இல்ல, புது கம்ப்யூட்டர் வாங்கிக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இந்தத் தம்பி அப்படிச் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார். மதர்போர்டு எந்த மாடல்? பவர் சப்ளையின் பக்கவாட்டுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? கேமராவின் சாக்கெட் நாலு முனையா, ஆறு முனையா? மூன்றுக்கும் என் கைப்பேசியில் படம் இருந்தது. மகன் எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின இரவு எடுத்துக் கொடுத்திருந்தான்.

பவர் சப்ளைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி அவர் சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். "அக்கா, மேல பாருங்க, 450 வாட்னு பெரிய எழுத்து. கீழ 12 வோல்ட் வரியைப் பாருங்க, 18 ஆம்பியர்." பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். சிபியுவும் கிராஃபிக்ஸ் கார்டும் முக்கியமாகச் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். ஆக, 450 என்று நினைத்து வாங்கியதில் வேலைக்கு ஆகும் பங்கு பாதிகூட இல்லை. கார்டு போட்டு எரிந்தது என்று அவர் கடைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பலவற்றில் இந்த மாதிரி மலிவான பவர் சப்ளைதான் செத்துப் போயிருக்கும் என்றார். சாகும்போது தனியாகச் சாகாமல் போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போவதும் உண்டாம்.

அப்போ என் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். விற்பனைக்கு வாய் திறந்து கொடுத்த மாதிரிதான் என் கேள்வி. அவர், "இந்தக் கார்டுக்கு வேண்டாம்கா" என்றார். ஃபயர்வயர் கார்டு போகும் சின்ன ஸ்லாட் அதிகபட்சம் 25 வாட்தான் தரும், இந்தக் கார்டு அதில் சின்னப் பங்கைத்தான் எடுக்கும், இருப்பதே போதும் என்றார். கிராஃபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

கார்டு 110 வெள்ளி (ரிங்கிட்), பொருத்துக்கூலி 30 வெள்ளி. மலிவாக 45 வெள்ளிக்கும் ஒன்று வைத்திருந்தார். என் வேலைக்கு டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதுதான் நல்லது, பழைய கேமராக்களோடு அது சண்டை போடாது என்று சொல்லி விலை கூடினதை எடுத்துக் கொடுத்தார். மறு சனிக்கிழமை மகனோடு கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் பொருத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் ஒயரைப் பிடுங்கினார். போர்டின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு அப்போதும் மினுங்கிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா, இன்னும் உயிர் இருக்கு" என்று முன்பக்க பட்டனை அழுத்திப் பிடித்தார். விளக்கு மெல்ல மங்கி அணைந்தது. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் சுவரில் சுவிட்ச் ஆன் ஆக இருக்கும் வரை போர்டில் 5 வோல்ட் நின்றுகொண்டேதான் இருக்கும், ஒயரைப் பிடுங்கிய பிறகும் சில விநாடி மிச்சம் இருக்கும். அந்த நிலையில் கார்டைச் சொருகினால் கார்டும் போகலாம், போர்டும் போகலாம். வீட்டில் தானே செய்பவர்கள் தவறுகிற இடம் இதுதான்.

பிறகு பெட்டியின் வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டார். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்காக. கையில் சுரீர் என்று நமக்குத் தெரிய வேண்டுமானால் கிட்டத்தட்ட 3,000 வோல்ட் வேண்டுமாம். சிப் கெடுவதற்கு அதைவிட மிகக் குறைவே போதும், நமக்குத் தெரியாமலேயே நடந்துவிடும். நம்ம ஊர் ஈரக் காற்றில் அது குறைவுதான், ஆனால் நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் அப்படி நம்ப முடியாது. கார்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, தங்க நிறப் பற்களில் விரல் படாமல், நேராக ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் மறுபடி எடுத்து வைக்க வேண்டும், திருகாணியை முறுக்கி இழுத்துச் சரிசெய்யக் கூடாது என்றார். திருகாணி ஒன்று குறைந்தது. டப்பாவில் தேடி எடுத்துப் போட்டார்.

கார்டின் டப்பாவில், பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்க ஒரு சின்ன ஒயர் இருந்தது. ஒரு முனை பழைய நாலு முனை மோலெக்ஸ், மறுமுனை சாட்டா பவர். அதை மாட்டாமல் தனியே எடுத்து வைத்தார். என் கேமராவில் நாலு முனை சாக்கெட், அதற்குக் கார்டிலிருந்து மின்சாரம் போகாது, கேமரா தன் சொந்த அடாப்டரில்தான் ஓடும், அதனால் இந்த ஒயரே தேவையில்லை. அதோடு, பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த இந்த மாதிரி மலிவு ஒயர்களில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கிப்போய்த் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு என்றார். 110 வெள்ளி வாங்கும் கார்டில் இப்படி ஓர் ஒயரை வைத்து விற்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. தெரியாதவர்கள் டப்பாவில் வந்ததுதானே என்று மாட்டிவிடுவார்கள். உங்கள் டப்பாவில் இருந்தால் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள், உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. பொருத்துக்கூலிக்குக் கேட்ட பிறகுதான் ரசீது எழுதினார்கள். கார்டுக்கு ஒரு வாரம்தான் உத்தரவாதம், இது எனக்குக் குறைவாகப் படுகிறது. டிரைவர் விஷயத்தையும் அங்கேயே முடித்துக் கொடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து கேமராவை மாட்டினால் விண்டோஸ் 10 அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஓர் இரவு முழுக்க நானும் மகனும் முட்டினோம். கடைசியில் கார்டுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் பழைய 1394 டிரைவரை ஏற்றியதும் கேமராவின் பெயர் திரையில் வந்தது. மணி அதிகாலை 2. தம்பிக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன், காலையில் மன்னிப்புக் கேட்டு, இனி வருபவர்களுக்கு அங்கேயே ஏற்றிக் கொடுக்கிறேன் என்று பதில் போட்டார்.

ஒன்றை மட்டும் அவர் மூன்று முறை சொல்லி அனுப்பினார். ஃபயர்வயர் ஒயரைக் கேமரா ஆஃப் ஆக இருக்கும்போதுதான் மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். ஆறு முனை ஒயரைத் தேய்ந்த சாக்கெட்டில் தலைகீழாக அழுத்தினால் கேமராவின் இணைப்பே எரிந்துபோகும். கார்டு இன்னொன்று வாங்கலாம், மினிடிவி கேமராவுக்கு இன்று எங்கே போவது?

மூன்று மாதம் கழித்து, சித்தப்பா மகன் தன் பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டைக் கொடுத்தான். அதையும் அதே கடைக்குக் கொண்டுபோனேன். அது 75 வாட் எடுப்பது. பெரிய ஸ்லாட் தரும் உச்சவரம்பும் அதே 75 வாட், அதனால் தனிப் பவர் ஒயர் வேண்டாம். ஆனால் அந்த 216 வாட் பவர் சப்ளையை இந்த முறை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார், மாற்றினேன். 550 வாட், அதில் 12 வோல்ட் வரியில் மட்டும் 500க்கு மேல். 219 வெள்ளி. இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த செலவு இதுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு கல்யாணத்தை எடிட் செய்யும்போது கிராஃபிக்ஸ் கார்டின் சூடு 83 டிகிரியைத் தொட்டது. திறந்து பார்த்தால் ஃபயர்வயர் கார்டு அதன் காற்றாடிக்கு நேர் முன்னே, ஒரு விரல் இடைவெளியில் நின்றது. காற்று போக வழியில்லை. இந்த முறை பச்சை விளக்கு அணையும் வரை காத்திருந்து, இரும்பைத் தொட்டு, நானே ஃபயர்வயர் கார்டைக் கழற்றிக் கடைசி ஸ்லாட்டுக்கு மாற்றினேன். சூடு 71க்கு இறங்கியது. இரண்டு கார்டுகள் போடுகிறவர்கள் நடுவில் ஒரு ஸ்லாட்டையாவது காலியாக விடுங்கள்.

இதுவரை 64 கேசட்டுகள் முடிந்துவிட்டன. ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம்தான் ஓடும், அவசரப்படுத்த முடியாது. ஒன்றுக்கு 13 ஜிபி ஆகிறது. 187க்கும் சேர்த்து இரண்டரை டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பெண்ணின் கேசட்டைத்தான் முதலில் செய்தேன். பூசணம் பூத்த நாலில் அது இல்லை. அவள் அப்பா மைக்கைப் பிடித்து, சம்பந்தி வீட்டாரைப் பார்த்து, பேச வந்ததை மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். பிறகு, "என் பிள்ளைக்கு வெங்காயம் நறுக்கத் தெரியாது, பாத்துக்குங்க" என்கிறார். இரண்டு நிமிஷம் இருக்கும், அனுப்பி வைத்தேன்.

கார்டுக்கு ஐந்துக்கு நாலு, அந்த ஒயருக்காக ஒன்று குறைத்தேன். கடைக்கு நாலரை. அண்ணன் தீபாவளிக்கு வந்தபோது டார்ச் அடித்து உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். முன்பக்க யூஎஸ்பி ஒயர் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டார், காட்டினேன். ஊசிகளுக்குப் பக்கத்தில் போர்டில் அச்சடித்திருந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். அடுத்த மாதம் அவர் கம்ப்யூட்டரையும் கொண்டுவருகிறார். முதலில் அதன் பவர் சப்ளைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.